குருவிக்காடு என்று போட்டால் போதும்

நீலிமேடு
14-2-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கமலாத்தாள் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிரில் பல்தான் தந்தியடிக்கிறது. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா?

வண்டன்மேட்டிலிருந்து ஜீப்பில் மேலே வரவேண்டும். தந்தி ஆபீஸ் என்பது தபால் ஆபீசை ஒட்டிய ஓர் அறை. தந்திக் கருவி முன்னால் நான். வருகிற தந்திகளைக் கொண்டுபோய்க் கொடுக்க சோலை அண்ணன். தேனிப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஏற்றத்தில் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

தந்தி அடிப்பதைத் தவிர இங்கே எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஏலக்காய் வியாபாரிகள் ஒவ்வொருவரும் ஒரு தந்தி விலாசம் பதிந்து வைத்திருக்கிறார்கள். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு அல்லவா? பம்பாய்க்காரர் கடைப்பெயர், தெரு, ஊர் என்று நீட்டி எழுதாமல் ‘மலைமணம் நீலிமேடு’ என்று போட்டால் போதும். அது சின்னத்தாயி கடை என்று எனக்குத் தெரியும். சின்னத்தாயி கணவனை இழந்தவர். கணவர் விட்டுப்போன வியாபாரத்தைத் தானே நடத்துகிறார். குரல் வெண்கலம்.

ஒரு பெயரை ஒருவருக்குத்தான் கொடுக்கலாம். கொடுத்த பெயர் கைமாறாமலும் குழம்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்கச் சின்ன வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் தங்கை
கமலாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
2-3-1972

அம்மிணி கமலாவுக்கு,

அண்ணன் ஆறுமுகசாமி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பூவாத்தாளுக்குக் கால் வலி குறைந்திருக்கிறது. கிணறு இந்த மாசம் தாக்குப் பிடிக்கும். கம்பளி அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொண்டதும் எழுதிப்போடு.

உன் கடிதத்தைச் சந்தையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். “ஏனுங் கவுண்டரே, நம்மூட்டுப் புள்ளையா பம்பாய்க்குத் தந்தி அடிக்குது?” என்று கேட்டார்கள். “பம்பாய்க்காரன் நம்ம புள்ளைகிட்டத்தானுங்க பேர் சொல்லோணும்” என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இருக்கட்டும்.

உனக்கு முப்பது முடியப்போகிறது என்று அண்ணி தினம் ஞாபகப்படுத்துகிறாள். நானும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ அதைப்பற்றி யோசிக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
ஆறுமுகசாமி


நீலிமேடு
20-5-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

கம்பளி கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். அங்கே வெயில் எப்படி? மாடுகளுக்குத் தீவனம் உண்டா?

உடனே எழுத முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு தந்தி வந்தது. ‘தாய் காலமானார். சுடலை, முருகன் எஸ்டேட், நீலிமேடு.’ முருகன் எஸ்டேட் என்று இங்கே மூன்று இருக்கின்றன. சோலை அண்ணன் முதல் எஸ்டேட்டில் கேட்டார், சுடலை என்று ஒருவர் இருந்தார், தாய் ஊரில்தான் என்றார். கொடுத்துவிட்டு வந்தார். அந்த சுடலை அழுதுகொண்டே ஊருக்குப் போனார். வாசலில் அவர் அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம்.

மூன்றாவது எஸ்டேட்டிலும் ஒரு சுடலை. இறந்தது அவருடைய அம்மா. ஒரே மகன். கொள்ளி வைக்க ஆள் வரவில்லை என்று பங்காளி ஒருவர் வைத்தாராம். எல்லாம் முடிந்தபிறகுதான் அவருக்குக் கடிதம் வந்தது.

அவர் இங்கே வந்தார். சண்டை போடுவார் என்று எழுந்து நின்றேன். “யம்மா, எம்பேருக்கு ஒரு தந்தி வந்துச்சாமுல்லா. ஒருக்கா அதக் காட்டுதியளா?” என்று மட்டும் கேட்டார். நகலை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துப் போய்விட்டார்.

யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, அண்ணா. அனுப்பியவர் தெரிந்ததை எழுதினார். சோலை அண்ணன் கேட்டுத்தான் கொடுத்தார். ஏலக்காய் மூட்டைக்குத் தப்பாத பெயர் இருக்கிறது, அதைச் சுமக்கிற ஆளுக்கு இல்லை. அன்றிலிருந்து இதுதான் மனதில் ஓடுகிறது.

தங்கை
கமலாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
11-6-1972

அம்மிணிக்கு,

இங்கே சுகம். முதல் மழை விழுந்துவிட்டது. அந்த சுடலையின் கதையை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் நீ மனதில் போட்டுக்கொள்ளாதே.

ஒரு விஷயம். பொள்ளாச்சி ரத்தினசாமியைத் தெரிந்திருக்கும். ஏலக்காய் மொத்த வியாபாரி, வண்டன்மேட்டில் கடை, நீலிமேட்டில் தோட்டம் இருக்கிறது, நம்ம ஆட்கள்தான். சந்தையில் பார்த்தேன். அந்த மலைமணம் என்கிற பெயரை அவர் கேட்கிறார். பம்பாயில் அந்தப் பெயருக்கு மதிப்பாம். சின்னத்தாயி அதை ஜூலை முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் பெயர் போய்விடும், அந்த அம்மாளுக்குத் தேதி கிதி தெரியாது என்கிறார். நீ தப்பாக எதுவும் செய்ய வேண்டாம். ஞாபகப்படுத்தாமல் சும்மா இருந்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

பெரிய மனிதர். கேட்டார் என்பதற்காக எழுதுகிறேன்.

மழையில் நனையாதே.

அண்ணன்
ஆறுமுகசாமி


நீலிமேடு
19-8-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். மழை நின்றபாடில்லை. துணி காயாமல் அடுப்பின் மேல் கொடி கட்டியிருக்கிறேன். அண்ணியின் முழங்காலுக்கு இந்த மழைக்காலம் ஆகாது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சுதந்திர தினத்திலிருந்து தபாலுக்குப் பின்கோடு என்று ஆறு இலக்க எண் வந்திருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் இந்த ஏற்பாடு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டெல்லியில் யாரோ என்னைப்போலவே கவலைப்பட்டிருக்கிறார்.

ரத்தினசாமி அவர்கள் வந்திருந்தார். புதுப்பிக்கும் மாதம் வந்தால் எல்லாருக்கும் ஒரு அட்டை போகும். சின்னத்தாயிக்கும் போயிற்று. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் சோலை அண்ணன் வாய்விட்டும் சொன்னார். வந்து புதுப்பித்துக்கொண்டார். பிறகு ரத்தினசாமி ‘மலைமணி’ என்றாவது கொடு என்றார். மலைமணம், மலைமணி இரண்டையும் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் கடைசியில்தான் வித்தியாசம். மழைச் சத்தத்தில் காது ஏமாந்துவிடும், ஒருவர் சரக்கு மற்றவருக்குப் போய்விடும் என்று சொன்னேன். கடைசியில் ‘தங்கக்காய்’ என்று பதிந்துகொண்டார். நல்ல பெயர்தான். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

தங்கை
கமலாத்தாள்


நீலிமேடு
8-10-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்களிடமிருந்து பதில் இல்லை. வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நான் சுகமாக இருக்கிறேன்.

கோபம் இருந்தாலும் இதைப் படியுங்கள். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஒவ்வொரு லயத்துக்கும், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, தனியாக ஒரு பெயர் வைத்தால் என்ன என்று தோன்றியது. இன்னொரு லயத்துக்கு இல்லாத பெயர், காதில் தப்பாமல் விழுகிற பெயர். அதை ஊரில் உள்ளவர்களுக்கு எழுதிவிட்டால், ‘சுடலை குருவிக்காடு நீலிமேடு’ என்று வந்த தந்தி வழி தவறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாயியின் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் கூடினோம். லயத்துக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

முதலில் பெரிய ரகளை. மூன்று லயங்கள் முருகன் என்ற பெயர்தான் வேண்டும் என்றன. “எங்க கோயில்தான் பழசு” என்கிறது ஒன்று. “எங்க முருகனுக்குத்தான் மயிலு இருக்கு” என்கிறது இன்னொன்று. கடைசியில் நான் எழுந்து, முருகன் எல்லாருக்கும் பொது, அதனால் இங்கே யாருக்கும் கிடையாது என்றேன். சின்னத்தாயி சிரித்த சிரிப்பில் சண்டை அடங்கியது. பிறகு குருவிக்காடு, ஆனைத்தடம், சாரல், இரட்டைப்பலா என்று ஒவ்வொன்றாக வந்தன.

லயத்தில் உள்ள எல்லார் பெயரையும் நானே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். குருவிக்காட்டில் முத்துப்பேச்சி என்று ஒருத்தி, ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். என் வயது. அவள் கேட்டாள்: “எங்க லயத்துல நேத்து ஒருத்தி வந்தா, இன்னைக்கு ஒருத்தன் போனான். அத நீங்க எப்பிடித் தெரிஞ்சுக்கிடுவிய? அத நாங்க பாத்துக்கிடுதோம். ரெண்டு சுடலை இருந்தா மேட்டுச் சுடலை, பள்ளத்துச் சுடலைன்னு நாங்களே வச்சுக்கிடுவோம். ஒங்களுக்கு குருவிக்காடு எதுன்னு தெரிஞ்சாப் போதும்ல?”

போதும் என்றேன். அத்தோடு என் சுமையில் பாதி இறங்கிவிட்டது. லயத்தின் பெயர் இரண்டுக்கு வராமல் நான் பார்க்கிறேன். லயத்துக்குள் இருக்கும் பெயர்களை அந்த லயம் தேர்ந்தெடுத்த ஆள் பார்க்கிறார். குருவிக்காட்டுக்கு முத்துப்பேச்சிதான்.

பதில் எழுதாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
கமலாத்தாள்


தந்தி
கொழிஞ்சாம்பாறை, 6-11-1972

நீலிமேடு மண்சரிவு பேப்பரில் பார்த்தேன். நலமா. உடனே பதில். ஆறுமுகசாமி.


தந்தி
நீலிமேடு, 9-11-1972

நலம். பிறகு கடிதம். கமலா.


நீலிமேடு
18-11-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் தந்தி வந்த அன்றே என் கைக்கு வந்தது. எனக்கு வந்ததை நானே வாங்கி, பதில் எழுதி, அனுப்பவேண்டிய தந்திக் கட்டின் அடியில் வைத்தேன். மேலே இருந்தவையெல்லாம் என்னைவிட அவசரமானவை. மூன்று நாள் தங்களைத் தவிக்கவிட்டதற்கு அண்ணியிடமும் மன்னிப்புச் சொல்லுங்கள். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

ஐந்தாம் தேதி காலையில் மலை சரிந்து இறங்கிவிட்டது. ரோடு போயிற்று, ஆனைத்தடம் லயத்தின் ஒரு கோடி போயிற்று. தந்திக் கம்பி மட்டும் எப்படியோ நின்றது. பேப்பரில் செய்தி வந்ததும் மதுரை, தேனி, திருநெல்வேலி என்று கீழிருந்து தந்திகள் கொட்ட ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான். நலமா, நலமா.

சோலை அண்ணன் ஒருவரால் என்ன செய்ய முடியும்? ஆனால் வந்த தந்திகளில் பெரும்பாலானவற்றில் லயத்தின் பெயர் இருந்தது. சாரல் என்றால் சாரல், இரட்டைப்பலா என்றால் இரட்டைப்பலா. பிரித்துப் பிரித்து அடுக்கினேன். அந்தந்த லயத்துக்காரர் சேற்றில் நடந்து வந்தார்கள். யாரையும் நான் கூப்பிட்டு அனுப்பவில்லை. முத்துப்பேச்சி முழங்காலுக்கு மேலே சேறோடு வந்து நின்று, தன் லயத்தில் எல்லார் பெயரையும் மனதிலிருந்து சொன்னாள். “எல்லாம் இருக்காக. பள்ளத்துச் சுடலைக்குக் கையில அடி, உசுருக்கு ஒண்ணுமில்ல. அதையும் சேத்து அடிங்க, இல்லாட்டி பொய்யாப் போயிரும்.” சேர்த்து அடித்தேன்.

ஆனைத்தடத்தில் குருசாமியும் அவர் மனைவி வேலுத்தாயும் போய்விட்டார்கள். சாரலிலும் ஒரு குருசாமி இருக்கிறார், உயிரோடு. இரண்டு வீட்டிலிருந்தும் நலமா என்று தந்தி வந்திருந்தது. ஆனைத்தடத்துக்காரர் வந்து சொன்னதை அந்த வீட்டுக்கும், சாரல்காரர் சொன்னதைச் சாரல் குருசாமி வீட்டுக்கும் அனுப்பினேன். அனுப்புமுன் இருவரையும் மறுபடி சொல்லச் சொன்னேன். துக்கம் உரிய வீட்டுக்குத்தான் போயிற்று, அண்ணா. குருசாமியின் தம்பி சுற்றுவழியாக நடந்தே வந்து அடக்கத்துக்கு நின்றார்.

வேறு என்ன எழுதுவது. தூக்கம் வருகிறது.

தங்கை
கமலாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
10-12-1972

அன்புள்ள கமலாவுக்கு,

நாங்கள் சுகம். அண்ணி உனக்காக மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள். உன் கடிதத்தைச் சந்தையில் படிக்கவில்லை. வீட்டிலேயே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் போன வாரம் நடந்ததை எழுத வேண்டும்.

பொள்ளாச்சியில் ரத்தினசாமியைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று திரும்பினேன், அவரே கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். “ஆறுமுகசாமி, உங்க தங்கச்சி நான் கேட்ட பேரக் குடுக்கலீங்க. நாலு பேர் முன்னால கோவிச்சுட்டுத்தானுங்க வந்தேன். சரிவு உளுந்தப்ப என் தோட்டத்து ஆளுக யாரு இருக்காங்க யாரு இல்லைன்னு எனக்கே தெரியலீங்க. அந்தப் புள்ளைகிட்ட இருந்துதானுங்க தாக்கல் வந்துது. ஒரு பேர் தப்பலீங்க” என்றார். பிறகு, “அன்னிக்கு எனக்காகச் சும்மா இருந்திருந்தா, இன்னிக்கு அது சொன்னத நான் நம்பியிருப்பனுங்களா?” என்று கேட்டார்.

உன்னைப்பற்றி ஊரில் நான் கூட்டிச் சொன்னதெல்லாம் குறைத்துச் சொன்னதாகிவிட்டது.

அவர் அக்கா மகனுக்குக் கோயமுத்தூரில் மில்லில் வேலை. அந்தச் சம்பந்தப் பேச்சை அவர் மறுபடி எடுத்தார். மறுபடி என்று எழுதிவிட்டேன், உனக்குப் புரியும். தங்கச்சியைக் கேட்டுத்தான் சொல்ல முடியுமுங்க என்றேன்.

அண்ணன்
ஆறுமுகசாமி


நீலிமேடு
2-1-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் எல்லாருக்கும் நன்றாக இருக்கட்டும். எனக்கு லேசான இருமல், சுக்குக் கஷாயத்தில் சரியாகி வருகிறது.

சம்பந்தப் பேச்சு எனக்கு முன்பே தெரியும். ஆகஸ்டில் ரத்தினசாமி அவர்களே இங்கே வந்து, “மலைமணம் என் பேருக்கு வந்தாச்சுன்னா தை மாசம் கல்யாணமுங்க அம்மிணி” என்று சொன்னார். தங்கள் கடிதத்தில் அந்த வரி இல்லை. எனக்காக எவ்வளவு அலைந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தும் அதைச் சொல்லி என்னை நெருக்கவில்லை. அதனால்தான் நானும் தங்களுக்கு எழுதவில்லை. என்னால் ஒரு நல்ல இடம் போயிற்று என்று தாங்கள் வருந்துவதைக் கடிதத்தில் படிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் நல்ல மனிதராகத் திரும்பி வந்திருக்கிறார். சந்தோஷம். ஆனால் ஒரு பெயருக்கு ஈடாகப் பேசிய கல்யாணம் வேண்டாங்க அண்ணா. இன்னொரு இடம் வந்தால் பார்ப்போம், வராவிட்டாலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நம்ம ஊருக்குப் பக்கத்தில், சித்தூருக்கு மாற்றல் வரும்போல் தெரிகிறது. வந்தால் தினம் அண்ணி கைச்சோறு. ஆசையாக இருக்கிறது. இந்த ஏற்பாடு என்ன ஆகுமோ என்று கவலையாகவும் இருக்கிறது. இது எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. அடுத்து வருகிறவர் கலைத்துவிடச் சொன்னால் கேட்க ஆளில்லை.

தங்கை
கமலாத்தாள்


குருவிக்காடு லயம்
17-6-1973

அன்புள்ள கமலாத்தாள் அம்மாவுக்கு,

முத்துப்பேச்சி எழுதிக்கிடுதேன். நானும் பிள்ளைகளும் சொகம். ஒங்க ஒடம்பு எப்பிடி இருக்கு? சித்தூர்ல வெக்கை தாங்குதா? ஒங்க அண்ணாச்சியையும் மதினியையும் விசாரிச்சதாச் சொல்லுங்க. எம் எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துப் படிங்க.

தந்தி ஆபீசுக்குப் புதுசா வந்திருக்க சார் நல்லவருதான். வந்தவுடனே எங்களக் கூப்புட்டு, இந்தப் பேருகளுக்கெல்லாம் யாரு அதிகாரின்னு கேட்டாரு. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். அப்பிடி யாரும் இல்ல சார், அவுகவுக லயத்துக்கு அவுகவுகதான்னு சொன்னோம். அது எப்பிடி நடக்கும்னு கேட்டாரு. நடக்குது சார்னு சோலை அண்ணன் சொன்னாரு. இப்பம் அவரும் குருவிக்காடு, சாரல்னுதான் சொல்லுதாரு.

மேல புதுசா ரெண்டு லயம் கெட்டியிருக்காக. ரெண்டு பேருக்கும் நீரோடைங்கிற பேருதான் வேணும்னு ஒரே சண்டை. எல்லா லயத்து ஆளுகளும் கொட்டகையில கூடிப் பேசினோம். ரெண்டு தரம் பேசியும் தீரல, மூணாந்தரம் தீந்துச்சு. ஒருத்தருக்கு நீரோடை, இன்னொருத்தருக்கு மூங்கிப்பாலம். சாருகிட்டச் சொன்னோம், சரின்னு வாங்கி வச்சுக்கிட்டாரு. ஒங்களக் கேட்டு எழுதணும்னு ஒருத்தி சொன்னா. நாந்தான் எதுக்குன்னு கேட்டுட்டேன். கோவிச்சுக்கிடாதிய.

சின்னத்தாயி அக்கா ஒங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய் குடுத்து விட்டிருக்காக. ஆள் வரும்போது வாங்கிக்கிடுங்க.

இப்படிக்கு
முத்துப்பேச்சி


கொழிஞ்சாம்பாறை
30-6-1973

அன்புள்ள முத்துப்பேச்சிக்கு,

உன் கடிதமும் ஏலக்காயும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். சித்தூர் வேலைக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறேன். அண்ணிக்குக் கால் வலி இல்லை. உன் பிள்ளைகளை மழையில் விடாதே.

கோபம் ஒன்றுமில்லை. மூங்கிப்பாலம் நல்ல பெயர், எந்த மழையிலும் காது தப்பாது.

உன் கடிதத்தை அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். என்னைக் கேட்காமல் தீர்த்துக்கொண்டீர்கள் என்ற இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். “ஏன் அம்மிணி, நல்ல சேதிதானே, கண்ணு ஏன் கலங்குது?” என்று அண்ணி கேட்டார். அடுப்பில் மிளகாய் கமறுகிறது என்றேன். அண்ணன் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். அதில் பால்தான் இருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து, “மேல படி” என்றார்.

அன்புடன்
கமலாத்தாள்